நீர்யானையின் கடைசி மூன்று நிமிடங்கள்

நீர்யானை வாயைத் திறந்தது. திரை கறுத்துவிட்டது.

மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து ஆபரேட்டர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. புரொஜெக்டரின் பல்பு எரிந்துகொண்டிருந்தது. ரீல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை. குரல் இல்லை, இசை இல்லை, கொசு பறக்கிற அளவுக்குக்கூட ஓர் அசைவு இல்லை. மூன்று நிமிடம் அப்படியே ஓடிவிட்டு, படச்சுருளின் வால் சக்கரத்தில் டப்டப் என்று அடித்துக்கொண்டு நின்றது.

அவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். காலையில்தான் அந்தப் படத்தை அடி அடியாகத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்திருந்தார். இன்னும் நூறு அடிக்குமேல் பாக்கி இருக்கும்போது பழைய மருந்து பாட்டில் காலியாகிவிட்டது. அலமாரியில் லேபிள் கிழிந்து இன்னொரு பாட்டில் இருந்தது. பாட்டில் ஒரே அளவு, மூடி ஒரே நிறம், உள்ளே இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும் என்று மிச்சத்தை அதைக்கொண்டு துடைத்தார். நூறு அடிக்குக் கணக்குப் போட்டால் சரியாக மூன்று நிமிடம் வருகிறது. அந்தப் பாழாய்ப்போன மருந்து படத்தைக் கருக்கிவிட்டது, சந்தேகமே இல்லை.

அது சாதாரணப் படமில்லை. சிறுவர் நூலகத்தின் பின்பக்க அரங்கில் ஐம்பது வருடமாக சனிக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு ஓடுகிற கார்ட்டூன் படம். மூன்று கதைப் புத்தகங்களைச் சேர்த்து, ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து எடுத்தது. பன்னிரண்டு நிமிடம். உலகத்தில் இருப்பது இந்த ஒரே ஒரு பிரதிதான். கதை ஊருக்கே தெரியும்: ஒரு நீர்யானை தன் கொட்டாவியைத் தொலைத்துவிடுகிறது. ஆமையிடம் போய்க் கேட்கிறது, ஆமை கொட்டாவி விட்டுக் காட்டி இது உன்னுடையதா என்கிறது. இல்லை, இது சின்னது. ஒட்டகச்சிவிங்கியிடம் கேட்கிறது, அது விடுகிற கொட்டாவி கழுத்து வழியாக ஏறி வருவதற்கே முக்கால் நிமிடம் ஆகிறது. ஆந்தை, கரடி, நத்தை என்று ஒருவர் பாக்கியில்லாமல் கொட்டாவி விடுகிறார்கள்.

வருகிற சனிக்கிழமை படத்துக்குப் பொன்விழா. அன்றைக்குச் செவ்வாய்; அதற்காகத்தான் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருதரம் ஓட்டிப் பார்த்தார்.

ஆபரேட்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, போனது போகட்டும், கடைசி மூன்று நிமிடத்தில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்ப்போம் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் யோசித்தார். ஒன்றும் வரவில்லை. காரணம் எளிது. பத்தொன்பது வருடமாக அந்தப் படத்தை ஓட்டுகிறவர் அதன் முடிவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சாப்பிட்ட மதியம், இருட்டு அறை, திரை நிறையக் கொட்டாவி. கரடி வாய் திறக்கும்போதே அவருக்குக் கண் சொக்கிவிடும். சுருளின் வால் டப்டப் என்று அடித்துத்தான் அவரை எழுப்பும். பார்வையாளர்களான அறுபது பிள்ளைகளும் அதற்கு வெகுமுன்பே பாயில் கவிழ்ந்திருப்பார்கள். பிள்ளைகள் ஒரு மணி நேரமாவது தூங்கட்டும் என்றுதான் பெற்றோர் அனுப்புவதே. ஆனால் பிள்ளைகள் தூங்கலாம், ஆபரேட்டர் தூங்கலாமா? அவருடைய அறைச் சுவரில் 'விழிப்பான பணிக்காக' என்று ஐந்து சான்றிதழ்கள் கண்ணாடி போட்டுத் தொங்கின.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"படம் எப்படி இருக்கு ஆபரேட்டர்?"

"பளிச்சுன்னு இருக்கு சார்."

"கதை எழுதின அம்மாவே வராங்க. எண்பத்து மூணு வயசு, ஆனா கறார். ஒரு எழுத்து மாறினாலும் படத்தத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவேன்னு அப்பவே எழுதி வாங்கியிருக்காங்க. அப்புறம், மேலிடத்துல தானா ஓடுற மெஷின் ஒண்ணு வாங்கலாம்கிறாங்க. மெஷின் தூங்காதாம். எங்க ஆளு அதுக்கு மேலன்னு நான் பதில் எழுதியிருக்கேன். சனிக்கிழமை என் மானத்தக் காப்பாத்துங்க."

ஆபரேட்டர் முகத்தில் ஈயாடவில்லை. இந்த வேலை போனால் இந்த வயதில் இன்னொரு வேலை கிடைக்காது. அதைவிட, பத்தொன்பது வருடம் தூங்கியவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீதியில் நடக்க முடியாது. மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்.

"கடைசியில உங்களுக்குப் பிடிச்ச இடம் எது சார்?"

மேனேஜர் கண்களை மூடிக்கொண்டார். கொட்டாவியைத் திருடிய யானை நீர்யானையின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிற இடம் என்றார். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தனக்குக் கண் கலங்கிவிடும் என்றும் சொல்லி, அப்போதே கொஞ்சம் கலங்கியும் காட்டினார்.

அப்பாடா, யானை. ஆபரேட்டர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எதற்கும் உறுதி செய்துகொள்வோம் என்று நூலகர் அம்மாவிடம் போனார். யானையா, அந்தப் படத்தில் யானையே கிடையாதே என்று அவர் சிரித்தார். நீர்யானை கடைசியில் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் திறந்து எல்லாருக்கும் பாடம் நடத்துகிறது, அதைப் பார்த்துத்தான் தான் படிக்கவே ஆரம்பித்ததாக அடித்துச் சொன்னார். வாசலில் இருந்த வாட்ச்மேனோ, பள்ளிக்கூடமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, முதலையோடு சண்டை, நீர்யானை முதலையின் வாலைப் பிடித்துச் சுழற்றி எறிகிறது என்று கையைச் சுழற்றிக் காட்டினார். வீட்டுக்குப் போனால் மனைவி, கல்யாணமான புதிதில் ஒருதரம் பார்த்ததாகவும், நீர்யானையின் அம்மா வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுவதாகவும் சொன்னாள்.

ஆபரேட்டருக்கு அவமானமாக இருந்தது. ஊரே விழித்திருந்து பார்த்த படத்தில் தான் ஒருவன் மட்டும் தூங்கியிருக்கிறோமே என்று மனம் நொந்தார்.

மறுநாள் கதைப் புத்தகத்தையே பார்த்துவிடலாம் என்று நூலகத்துக்குள் போய் மூன்றாம் பாகத்தைத் தேடி எடுத்தார். அவருடைய கெட்ட காலம், கடைசிப் பக்கம் முழுக்க ஒரே கறுப்பு. எந்தக் குட்டிப்பிசாசோ மசியைக் கொட்டி, ஓரம்கூட விடாமல் பூசியிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்தார்.

இனி ஒரே வழிதான். முடிவை நாமே தயார் செய்ய வேண்டும். அவருடைய மைத்துனன் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன். மனைவிக்குத் தெரியாமல் அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மூணு நிமிஷப் படம் வரையணும்னா எத்தன படம் மாமா?"

"நாலாயிரத்து முந்நூறு."

"என்னைக்கு வேணும்?"

"சனிக்கிழமை."

மைத்துனன் தேநீரை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, நாலாயிரத்து முந்நூறு முடியாது, நாலு வேண்டுமானால் முடியும் என்றான். நாலு அட்டைப் பொம்மைகளை வெட்டிக் கம்பில் கட்டி, புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஆட்டினால் திரையில் நிழல் விழும். குரலுக்கு மைக் வைத்துக்கொள்ளலாம். கேட்கும்போதே ஆபரேட்டருக்கு உயிர் வந்தது. இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது?

பொம்மைகள் வந்தபோதுதான் தெரிந்தது, மைத்துனன் வாழ்க்கையில் எழுத்தைத் தவிர எதையும் வரைந்ததில்லை என்று. நீர்யானைக்குக் கால் முளைத்த பெட்டி மாதிரி ஒரு தோற்றம் வந்திருந்தது. போதாக்குறைக்கு அதன் தலைக்கு மேல் பெரிய அம்புக்குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு மாப்ள?"

"அம்பு போடாட்டி ஜனங்களுக்கு எங்க பாக்குறதுன்னு தெரியாது மாமா. தொழில்ல நான் கத்துக்கிட்டது."

கரிந்த பகுதி ஓடினால் வெளிச்சம் கிடைக்காது. ஆகவே அதை வெட்டி எடுக்க வேண்டும் என்று ஆபரேட்டர் முடிவு செய்தார். கத்தரிக்கோலை எடுத்தவர் ஒருதரம் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பத்தொன்பது வருடம் சோறு போட்ட படம். நீர்யானை வாய் திறக்கிற கட்டத்தோடு நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே வெட்டு. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், வெட்டிய நூறு அடியையும் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, பையில் கட்டி, குப்பை வண்டி வரும்வரை காத்திருந்து தன் கையாலேயே உள்ளே எறிந்தார். வண்டி அதைத் தூள் தூளாக அரைத்துக்கொண்டு போன பிறகுதான் மூச்சு வந்தது.

ரகசியம் அன்று மாலைவரை தாக்குப் பிடித்தது. மைத்துனன் அக்காவிடம் ஒரு வார்த்தைகூட மறைத்துப் பழகாதவன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா வர்ற சீன் இருக்கா இல்லையா?"

"அதுக்கு நேரமில்லம்மா."

"சரி, மேனேஜர் வீட்டம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கவலைப்படாதீங்க."

அவள் அதைச் சொன்ன விதத்தில் அம்மா நீர்யானை உடனே சேர்க்கப்பட்டது. நீர்யானைக்கும் அதன் அம்மாவுக்கும் குரல் தானே கொடுப்பதாகவும் மனைவி அறிவித்தாள். அவளுக்கு ஒரு வாரமாகச் சளி பிடித்திருந்ததால் நீர்யானைக்கு அந்தக் குரல் பொருத்தமாகவே இருந்தது, அதை ஆபரேட்டர் வெளியே சொல்லவில்லை.

வியாழக்கிழமை, கறுப்புத் துணி வேண்டும் என்று நூலகர் அம்மாவிடம் கேட்கப் போனார். எதற்கு என்று அவர் கேட்ட மூன்றாவது கேள்வியில் ஆபரேட்டர் உளறிவிட்டார். நூலகர் அம்மா பெருந்தன்மையானவர். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன், ஆனால் பள்ளிக்கூடம் இல்லாமல் அந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை என்றார். டீச்சராகத் தானே பேசுவதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை, மேடைக்குப் பலகை தூக்கி வந்தபோது வாட்ச்மேன் கேட்டில் மறித்தார். இரண்டே நிமிடத்தில் முதலையும் உள்ளே வந்துவிட்டது. மேனேஜரின் யானை ஏற்கெனவே இருந்தது. மூன்று நிமிடத்துக்குள் ஒரு திருட்டு, ஒரு மன்னிப்பு, ஒரு சண்டை, ஒரு கண்ணீர், ஒரு கல்வி நிலையம்.

ஒத்திகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதலை சுழன்று போய் டீச்சரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. "நாளைக்குச் சரியாயிடும்" என்று மைத்துனன் சொன்னான்.

சனிக்கிழமை. அரங்கு நிறைந்துவிட்டது. அறுபது பிள்ளைகள் பாயில். ஓரத்து நாற்காலிகளில் மேலிடத்து ஆட்கள் நாலு பேர். நடுவில் கதாசிரியை, கைத்தடியை முழங்காலுக்கு நடுவே நட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர். திரைக்குக் கீழே கறுப்புத் துணியின் மறைவில் மனைவி, மைத்துனன், நூலகர் அம்மா, வாட்ச்மேன் நால்வரும் பொம்மைகளோடு குனிந்திருந்தார்கள். ஆபரேட்டர் டார்ச்சை அடித்தால் ஆரம்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

தன் அறைக்குள் ஆபரேட்டர் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். ஐஸ் போட்ட தண்ணீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு நின்றார்.

படம் ஓடியது. ஆமை கொட்டாவி விட்டது. முன்வரிசையில் ஏழு பிள்ளைகள் சாய்ந்தன. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் கொட்டாவி பாதி ஏறும்போதே பாதி அரங்கு போய்விட்டது. ஆந்தையோடு மேலிடம் தூங்கியது. கரடியின்போது மேனேஜரின் தாடை நெஞ்சில் பட்டது. ஆபரேட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வாளிக்குள் காலை மாற்றி மாற்றி மிதித்தார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு சனிக்கிழமை மதியம் அவர் நத்தையைப் பார்த்தார். நத்தை அழகாக இருந்தது.

நீர்யானை வாயைத் திறந்தது. படம் முடிந்து திரை வெள்ளையானது. ஆபரேட்டர் டார்ச்சை அடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தார். கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து, மைக் வழியாக, அரங்கு முழுக்கக் கேட்கும்படி ஒரு குறட்டை வந்தது. இருபத்தைந்து வருடமாகக் கேட்டுப் பழகிய குறட்டை என்பதால் அது மனைவியுடையது என்று உடனே தெரிந்துவிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் வாளிக்குள் இருந்தது. சின்ன ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எந்திரிங்க" என்று அடித்தொண்டையில் கத்தினார்.

மனைவி விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், நீர்யானையின் கம்பீரமான குரலில் மைக்கில் சொன்னாள்:

"கதவத் தொறங்க, பால்காரர் வந்து எவ்வளவு நேரமாச்சு."

பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. திரையில் பெட்டி போன்ற ஒரு நிழல், தலைக்கு மேல் அம்புக்குறியோடு எழுந்தது. வாட்ச்மேன் திடுக்கிட்டு எழுந்து, முதலையை ஓங்கியபடி, "யாருய்யா அது, கேட்டுக்கு வெளிய நில்லு" என்று அதட்டினார். காலில் விழ வேண்டிய யானை தலைகீழாக வந்து நீர்யானையின் முதுகில் விழுந்தது. முதலை நீர்யானையின் வாலைப் பிடித்துத் தானே சுழன்றது. அம்மா நீர்யானை, "யாருடா என் பிள்ளைய அடிச்சது" என்று அழுதுகொண்டே யானையைப் போட்டு மொத்தியது. இந்தக் களேபரத்தில் நூலகர் அம்மாவுக்கு உள்ளேயிருந்த டீச்சர் முழுசாக வெளியே வந்துவிட்டார். மைக்கைப் பிடுங்கி வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தார்.

"நீர்யானை."

அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில், "உள்ளேன் டீச்சர்" என்றன.

அம்புக்குறி கழன்று பறந்து வந்து மேலிடத்தின் மடியில் விழுந்தது. பிள்ளைகள் பாயில் நின்று குதித்தன, விசிலடித்தன, முதலைக்குக் கட்சி கட்டின. மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் பல்பை அணைத்து, அரங்கு விளக்கைப் போட்டார். ஈரக்காலோடு கீழே இறங்கி வந்து, தூக்குக்குப் போகிறவர் மாதிரி கதாசிரியையின் முன்னால் நின்றார். எல்லாம் போயிற்று என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வேலை, சான்றிதழ், மேனேஜரின் மானம் எல்லாம்.

கதாசிரியை கண்ணைத் துடைத்தார். வாயோரத்தில் வழிந்திருந்ததையும் துடைத்தார். கைத்தடியை ஊன்றி எழுந்து அரங்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நான் எழுதினது எழுதினபடியே இருக்கு" என்றார். "ஒரு எழுத்து மாறல."

பிறகு மேலிடம் முதலில் தலையாட்டியது. தாங்கள் சின்ன வயதில் பார்த்தது அச்சு அசலாக இதுதான் என்று நால்வரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். மேனேஜருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த யானை காலில் விழுகிற இடம் வந்தால் தன்னால் தாங்க முடிவதில்லை என்றார். தானாக ஓடுகிற மெஷின் பேச்சு அங்கேயே கைவிடப்பட்டது. ஆறாவது சான்றிதழை மேடையிலேயே எழுதி, மை காய்வதற்குள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆபரேட்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போன படம் போகட்டும், இனி சனிக்கிழமைதோறும் இதே முடிவை இதே ஆட்களை வைத்துப் போட்டுவிடலாம் என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். அவள் உடனே அம்மா வருகிற காட்சியைக் கொஞ்சம் நீட்டச் சொன்னாள்.

விருந்தினர்கள் போய்விட்டார்கள். பிள்ளைகள் மட்டும் போகவும் இல்லை, தூங்கவும் இல்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்து பாய்களைச் சுருட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய், தலையணை பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா உள்ளே வந்தார். மகளுக்குப் பிரசவம் என்று பத்து நாள் லீவில் போயிருந்தவர், அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். இரண்டு கையிலும் போர்வை அடுக்கு. அரங்கு இருந்த நிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு ஆபரேட்டரைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷமா அந்த நீர்யானை வாயத் தொறந்ததும் மூணு நிமிஷம் கும்மிருட்டாத்தான் ஓடும், அந்த இருட்டுலதான் நான் வந்து பிள்ளைங்களுக்குப் போர்வை போத்திட்டுப் போவேன், இன்னைக்கு எதுக்கு சார் நடுவுல லைட்டப் போட்டு எல்லாத்தையும் எழுப்பி விட்டீங்க?"